அத்தான் காருக்கு நான் கட்டிய இரும்பு

கூரையே இல்லாத ஒரு காருக்குள் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியைப் பூட்டிவைக்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று அடித்துச் சொல்வேன். நான் செய்திருக்கிறேன். அந்தக் கர்ப்பிணி என் சொந்த அக்கா. இடம், தூத்துக்குடியில் கன்னியர்கள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியின் வாசல். நேரம், பட்டப்பகல் பதினோரு மணி. வேடிக்கை பார்த்தது பாதி ஊர். (மீதிப் பாதி ஊர் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கேள்விப்பட்டுவிட்டது.)

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்துமூன்று வயது. ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. தோணியில் ஏறும் உப்பு மூடைகளுக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. ஆனால் மனசுக்குள் நான் இன்ஜினீயர். எனக்கு இடம் கொடுக்காதது அந்தக் கல்லூரிகளுக்குத்தான் நஷ்டம் என்று மனமார நம்பிக்கொண்டிருந்தேன். ரேடியோ, தையல் மெஷின், சுவர்க் கடிகாரம் என்று வீட்டில் நான் கழற்றாத சாமான் கிடையாது. கழற்றிய பிறகு ஓடிய சாமானும் கிடையாது.

அக்கா மெர்சி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளைக் கட்டிய ரோமால்டு அத்தான் கப்பலில் இன்ஜினீயர், அதாவது நிஜ இன்ஜினீயர். மலைத் தோட்டத்திலிருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது அவரிடமிருந்து அத்தான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். சிவப்பு நிறம். இரண்டே சீட்டு. உட்கார்ந்தால் ரோட்டிலேயே காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும். கூரைக்குப் பதிலாக ஒரு கித்தான் துணி மடங்கிக் கிடக்கும், அதுவும் கிழிசல். (கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். கார் பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.)

தலைப்பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது காரும் கூடவே வந்தது. கப்பலேறப் போகுமுன் அத்தான் என் கையில் சாவியைக் கொடுத்தார்.

"வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி, பீச் ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டு நிப்பாட்டிரு. வேற எதையும் தொடாத. கேட்டியா? எதையும்."

"சரி அத்தான்" என்றேன். அந்த 'சரி'யை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

காரில் ஒரு குறை இருந்தது உண்மை. புதுத் துறைமுக வேலைக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் எங்கள் ரோடுகளைக் குதறிப் போட்டிருந்தன. பள்ளத்தில் இறங்கினால் காரின் உடம்பு முறுக்கிக்கொள்ளும். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது இடது பக்கக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஒரு தடவை அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன். கேட்டில் கதவு திறந்து, மடியில் இருந்த குடை தண்டவாளத்தில் உருண்டு ஓடியது. அம்மா அங்கேயே இறங்கி, குடையை எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வினை ஒரு பத்திரிகை வடிவில் வந்தது. எங்கள் ஆபீசுக்கு வந்த ஒரு கப்பல்காரர் ஆங்கில மோட்டார் பத்திரிகை ஒன்றை மேசையில் விட்டுவிட்டுப் போனார். அதில் வாசகர் கடிதப் பக்கத்தில் இரண்டு பேருக்குள் பெரிய சண்டை. ஸ்போர்ட்ஸ் காரின் சேசிஸுக்கு, அதாவது அதன் அடிக்கூட்டுக்கு, அடியில் தனியாக இரும்புச் சட்டங்கள் பொருத்துவது பிரயோஜனமா, வெட்டி வேலையா? கூரையில்லாத காருக்கு உறுதி கம்மி, இடதையும் வலதையும் இரும்பால் பிணைத்துவிட்டால் முறுக்காது, வளைவில் தரையைப் பிடித்துக்கொண்டு போகும் என்றார் ஒருவர். எடை கூடுவதுதான் மிச்சம், காரைச் செய்தவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா என்றார் மற்றவர். கீழே பத்திரிகைக்காரர் பொடி எழுத்தில் நாலு வரி எழுதியிருந்தார். அதில் படம் இல்லாததால் நான் படிக்கவில்லை.

நான் எந்தக் கட்சி என்று கேட்கவே வேண்டாம். அன்று மாலையே அக்காவிடம் போய் நின்றேன். அவள் நார்க்கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எதுக்குல இது?"

"வளைவுல கார் தரையப் புடிச்சுக்கிட்டுப் போகும்க்கா."

"நம்ம ஊருல வளைவு எங்கன இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். பீச் ரோடு நேர். பாளையங்கோட்டை ரோடு நேர். மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு வளைவு உண்டு, அதில் எந்நேரமும் ஓர் உப்பு வண்டி மாடு அவிழ்த்துவிட்டு நிற்கும்.

"கதவு தானாத் தொறக்குதுல்லா, அது நிக்கும்" என்றேன்.

"கதவுக்கு ஒரு கயிறக் கட்டு, போதும். மத்தத அவங்க வந்து பாத்துக்கிடுவாங்க." தாளில் ஒரு பெரிய முட்டை போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. அத்தான் கப்பலிலிருந்து இறங்கி வரும்போது இந்தக் காரைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும், 'ஏலே, நீ குமாஸ்தா வேலைக்குப் பிறந்தவன் இல்லல' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும்.

ஊரில் இருந்த கார் மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லா ஓடுத காரை எதுக்கு தம்பி நோண்டுதீய?" அதற்குப் பிறகு நான் நேராகக் கடற்கரைக்குப் போனேன். அங்கே தோணி கட்டும் சூசை ஓடாவி இருந்தார். நூறு டன் உப்பை நடுக்கடலில் சுமக்கிற தோணியை வரைபடமே இல்லாமல் கட்டுகிற மனிதர். அவருக்கு உலகத்தில் உள்ள எல்லாமே தோணிதான், சில தோணிகள் தண்ணீரில் போகும், சில தோணிகள் ரோட்டில் போகும். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"தம்பி, தோணிக்கு என்ன கூரையா இருக்கு? எத்தன மூடை ஏத்துதோம், அலை என்னமா அடிக்கி! முறுக்குதா? ஏன் முறுக்கல? வங்கு இருக்கு."

வங்கு என்றால் தோணியின் விலா எலும்பு.

"இதுக்கும் வங்கு கட்டிருவோம்" என்றார் ஓடாவி. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு வேலை தொடங்கியது. காரின் மூக்குக்கு அடியில் ஒரு பனங்கட்டை, வாலுக்கு அடியில் ஒரு பனங்கட்டை. கரையேற்றிய தோணிக்கு இரண்டு தலையிலும் முட்டுக் கொடுப்பது போல. சக்கரம் நாலும் அந்தரத்தில் தொங்கியது. பழைய கப்பல் இரும்பில் நாலு சட்டம் எடுத்து, கொல்லரிடம் துளை போட்டு வைத்திருந்தோம். நான் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு காருக்கு அடியில் நுழையப் போனேன். ஓடாவி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பொறுங்க. பாரம் ஏத்தாமலா ஆணி அடிப்பீய? பாரத்துல எங்கன உக்காருதோ, அதான் அதோட நெச உக்காரல். அப்பக் கட்டுனாத்தான் நிக்கும்."

அவர் சொன்னது எனக்கு வேத வாக்கு. நான்தான் ஓடிப்போய் நாலு உப்பு மூடை கொண்டுவர ஏற்பாடு செய்தேன். சீட்டில் இரண்டு, காலடியில் இரண்டு. காரின் வயிறு கயிறு தளர்ந்த கட்டில் மாதிரி நடுவில் இறங்கியது.

"பாத்தியளா, உக்காந்துட்டு" என்றார் ஓடாவி.

"உக்காந்துட்டு" என்று நானும் சந்தோஷமாகச் சொன்னேன்.

அந்த இறங்கிய நிலையிலேயே நாலு சட்டத்தையும் வைத்து போல்ட் போட்டு இறுக்கினோம். பிறகு மூடைகளை இறக்கினோம். கார் இறங்கியது இறங்கியபடியே நின்றது. இரும்பு பிடித்துக்கொண்டதே, அது எப்படி எழும்பும்? மண்டையில் களிமண் இல்லாதவன் அங்கேயே யோசித்திருப்பான். நான் தேங்காய் உடைத்தேன்.

ஓட்டிப் பார்த்தேன். ஆகா! ஆட்டம் இல்லை, முறுக்கல் இல்லை, கடகட சத்தம் இல்லை. ரயில்வே கேட்டை மூன்று தடவை தாண்டினேன், கதவு அசையவில்லை. இறங்கும்போது மட்டும் கதவைத் தோளால் முட்டித் திறக்க வேண்டியிருந்தது. அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன். இரும்புப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது என்று தெருவில் பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னேன். அக்கா வாசலில் நின்று ஒரு தரம் பார்த்துவிட்டு, "கார் ஏம்ல வயிறு தள்ளி நிக்கி, எனக்குத் துணைக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பத்து நாள் கழித்து, காலை பத்து மணிக்கு அக்காவுக்கு வலி கண்டது. அப்பா சொல்லி வைத்திருந்த டாக்சிக்காரர் ஆழ்வார்திருநகரிக்குச் சவாரி போயிருந்தார். தெருமுனையில் சைக்கிள் ரிக்ஷா ஒன்று நின்றது. மூளை உள்ளவன் அதைக் கூப்பிட்டிருப்பான்.

"ரிக்ஷா எதுக்கு? அத்தான் கார் நிக்கே!" என்றேன்.

"ஏலே, அந்தச் சவத்துலயா பிள்ளைத்தாச்சியக் கொண்டுபோவ?" என்று அம்மா கத்தினாள்.

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "எதுலயாவது ஏத்துங்கம்மா, வாக்குவாதம் பொறவு பண்ணலாம்" என்றாள். அவளை மெதுவாக உட்காரவைத்துக் கதவை இடுப்பால் இடித்துச் சாத்தினேன். அம்மா துணிப் பையோடு ரிக்ஷாவில் பின்னால் வந்தாள். பின்னால் வந்தவள் முன்னால் போனாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடியில் கட்டிய இரும்பு மேடுபள்ளத்தில் எல்லாம் தரையில் உரசியதால் நான் கார் ஓட்டினேன் என்பதைவிட உருட்டினேன் என்பதுதான் சரி. ரிக்ஷாக்காரர் மணியடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சாக்கடைக்கு மேலே ஒரு கல் பாலம். ஏறும்போது அடி வயிற்றில் 'ணங்' என்று ஓர் இடி. இரும்பு கொஞ்சம் நழுவியது போல இருந்தது. பரவாயில்லை, வந்துவிட்டோமே என்று நிறுத்தினேன். என் கதவைத் தள்ளினேன், வரவில்லை. தோளால் முட்டினேன், அசையவில்லை. தாண்டிக் குதித்துச் சுற்றி ஓடி அக்கா பக்கக் கதவை இழுத்தேன். கைப்பிடி மட்டும் கழன்று என் கையோடு வந்தது.

அந்தக் கைப்பிடியை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. "ஏலே, என்னாச்சு?" என்று அக்கா கேட்டாள்.

"தொறக்க மாட்டேங்குக்கா."

கூட்டம் கூடிவிட்டது. சொல்கிறவர்களுக்கா பஞ்சம்? கதவை அறுக்கணும் என்றார் ஒருவர். துறைமுகத்திலிருந்து கிரேன் கொண்டுவரச் சொன்னார் இன்னொருவர். தாண்டி வரச் சொல்லுங்களேன் என்றார் ஒரு புண்ணியவான். தரையோடு தரையாகக் காலை நீட்டிக்கொண்டு, நிறை வயிற்றோடு, வலியில் பல்லைக் கடித்து உட்கார்ந்திருப்பவள் எங்கே தாண்டுவது? டாக்டரம்மா ஓடி வந்தார். கன்னியர்கள் நாலு பேர் போர்வையைப் பிடித்துக் காரைச் சுற்றி மறைத்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்து அக்காவைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"கையப் புடிச்சு மேல தூக்குத வேலையெல்லாம் கூடாது. கதவு தொறக்கணும், சீக்கிரம் தொறக்கணும். கார் யாரோடது?"

எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

அதுவரைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அந்த நிமிஷத்தில் வெட்கம் போய் பயம் வந்தது. அக்காவுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஆனால் என்ன செய்வேன்? கப்பலில் இருக்கிற மனிதருக்கு எந்த வாயால் சொல்வேன்? மாதாவே, இனிமேல் நான் ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டேன் என்று மனசுக்குள் கதறினேன். அம்மா ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாக எனக்கு நாலு அடி கொடுத்திருக்கலாம்.

வலி வந்தபோது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள், கடிகாரத்தோடு சேர்த்து நெரித்தாள். வலி விட்டதும் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏலே, இதக் கட்டும்போது என்ன பண்ணுனீங்க? உள்ளதச் சொல்லு."

"வங்கு கட்டுனோம்க்கா..."

"அதுக்கு முன்ன?"

பாதி ஊர் கேட்டுக்கொண்டு நிற்கிறது. டாக்டரம்மா கேட்கிறார். கன்னியர்கள் கேட்கிறார்கள். "ரெண்டு தலையிலயும் கட்டை வச்சு... நடுவுல நாலு உப்பு மூடை ஏத்தினோம்" என்றேன்.

"பாரத்தோடயா முடுக்குனீங்க?"

"ஆமா."

கூட்டத்தில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். போர்வை பிடித்திருந்த ஒரு கன்னியரின் தோள் குலுங்கியது. அக்கா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கணக்குப் போட்டாள்.

"கூறுகெட்ட மூதி. நடுவு தொங்கிப் போய்க் கதவக் கவ்விட்டு. நடுவுல தூக்கச் சொல்லு. முன்னயும் வேண்டாம், பின்னயும் வேண்டாம், நட்ட நடுவுல."

ஜாக்கி இருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஜாக்கியை நான் எடை குறைப்பதற்காக வீட்டில் இறக்கி வைத்திருந்தேன். (இரும்பால் எடை கூடிவிட்டதல்லவா, அதை ஈடுகட்டத்தான்!) அந்நேரம் ஆஸ்பத்திரியில் காலொடிந்து கிடந்த ஒரு கூட்டாளியைப் பார்க்க உப்பு லோடு ஏற்றும் ஆட்கள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். எனக்கு உப்பு மூடையின் எடை தாளில்தான் தெரியும், அவர்களுக்குத் தோளில் தெரியும். அவர்களில் மூத்த ஞானமுத்து அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டு முன்னால் வந்தார்.

"தம்பி, வாரம் பூரா நீங்க சீட்டு எழுதுத மூடையத் தூக்குதோம். இன்னைக்கு உங்க அக்காவையுமா?"

பக்கத்துக்கு நாலு பேராகக் குனிந்து, கதவுக்கு நேர் கீழே கை கொடுத்தார்கள். "தாயி, பயப்படாம இரிங்க. ஒண்ணு, ரெண்டு, தூக்கு!" காரின் வயிறு நாலு விரல் மேலே எழும்பியது. உள்ளே இரும்பு முனகியது. டப்பென்று ஒரு சத்தம். கைப்பிடி இல்லாத அந்தக் கதவு தானாக, ஒரு பிள்ளை வாயைத் திறக்கிற மாதிரி திறந்துகொண்டது.

அக்காவைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். முக்கால் மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்று டாக்டரம்மா வந்து சொன்னபோது, ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்த நான் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு நிம்மதியை அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் அனுபவித்ததில்லை. கோவென்று அழுதேன். ஞானமுத்து அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு, "அழுங்க தம்பி, நல்லா அழுங்க. உங்களுக்கு இது வேணும்" என்று ஆறுதல் சொன்னார்.

மறுநாள் சூசை ஓடாவியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தாடியைச் சொறிந்துகொண்டே கடைசிவரை கேட்டார்.

"தோணிக்குக் கதவு கிடையாதுல்லா தம்பி" என்றார்.

நாலு மாதம் கழித்து அத்தான் வந்தார். அக்கா கடிதத்தில் எல்லாவற்றையும் கணக்கு டீச்சர் மாதிரி வரிசையாக எழுதியிருந்தாள். அவர் நேராகப் போய்க் காருக்கு அடியில் படுத்தார். அவருடைய கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலைப் பார்த்தபடி நான் அரை மணி நேரம் நின்றேன். பிறகு வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"இரும்பு நல்ல இரும்புதாம்ல. கட்டுன நேரந்தான் தப்பு."

எல்லா போல்ட்டையும் தளர்த்தினார். சமதளத்தில் நிறுத்தி, நடுவில் ஜாக்கி கொடுத்து, இரண்டு கதவும் ஒற்றை விரலில் திறக்கிற வரைக்கும் உயர்த்தினார். அப்புறம் அதே நாலு சட்டத்தையும் அதே இடத்தில் இறுக்கினார். அந்தக் கார் அதற்குப் பிறகு பல வருஷம் முறுக்காமல், முனகாமல், கதவு திறந்துகொள்ளாமல் கல்லு மாதிரி ஓடியது. ஆகவே அந்தப் பத்திரிகைச் சண்டைக்கு என் தீர்ப்பு இது. பிரயோஜனம்தான். ஆனால் என்னைப் போன்ற ஆள் பக்கத்தில் இருந்தால் கதவுக்குக் கயிறு கட்டிவிட்டுச் சும்மா இருப்பது உத்தமம். 'நீ குமாஸ்தா வேலைக்குப் பிறந்தவன் இல்லல' என்று அத்தான் சொல்லவில்லை. நான் குமாஸ்தாவாகவே இருந்து, நிம்மதியாக ஓய்வு பெற்றேன்.

அந்தப் பெண் குழந்தை ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நடந்தபோது, கோயில் வாசலில் மணப்பெண் கார் வந்து நின்றது. கூரை உள்ள, கதவு நாலும் ஒழுங்காக உள்ள வாடகைக் கார். டிரைவர் இறங்கிக் கதவைத் திறக்கப் போனார். அதற்குள் என் மகன் தலைமையில் கோட்டு சூட்டு போட்ட எட்டுப் பயல்கள் ஓடிவந்து, பக்கத்துக்கு நாலு பேராகக் குனிந்து காருக்கு அடியில் கை கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்தார்கள். டிரைவர் வெலவெலத்துப் போனார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அக்கா கோயில் படியில் நின்று, "ஏலே, எந்திரிங்கல! இது என் தம்பி தொட்ட கார் இல்ல, தொறக்கும்!" என்று சத்தம் போட்டாள்.

என்னையே திறக்கச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டுதான் போனேன், ஆனால் கைப்பிடி கழன்று வந்துவிடுமோ என்று ஒரு தரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டேன். இழுத்தேன். திறந்தது. ஸ்டெல்லா வெள்ளைச் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, என் கையைப் பிடித்து அழுத்தி, காதோரம் சொன்னாள்.

"போன தடவையும் உள்ள நாந்தான் மாமா இருந்தேன்."